முகத்தில் அடிக்கக் கூடாது

கராத்தே வகுப்பில் சேர்ந்த அன்று, எதற்காகச் சேருகிறீர்கள் என்று மாஸ்டர் கேட்டாள். "உடம்பு கொஞ்சம் குறையணும்" என்றாள் ரொட்டியக்கா. அப்பட்டமான பொய். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த அவள் உடம்பைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. ஒருவனை அடிக்க வேண்டும். நாலு பேர் பார்க்க அடிக்க வேண்டும். அடித்துவிட்டுப் போலீசுக்கும் பயப்படாமல் நிமிர்ந்து வீட்டுக்கு வர வேண்டும். அதற்காகத்தான் டயர்க் கடை மாடியில் இருந்த அந்தக் கூடத்துக்குப் படியேறி வந்திருந்தாள்.

அடிக்க வேண்டியவன் அவளுடைய தங்கையின் முன்னாள் புருஷன். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. டாக்டர்களின் அறை வாசலில் டையும் தோல்பையுமாகக் காத்திருந்து, கதவு திறந்ததும் பல்லைக் காட்டுகிற வேலை. வீட்டில் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளும்போது அவனுக்குப் பேர் கிடையாது, 'மருந்துக்காரன்'தான். ஊருக்கே சிரித்த முகம் காட்டுவான். கதவைச் சாத்தினால் வேறு ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டைக்கு இஸ்திரி சரியில்லை என்று தங்கையை அவன் அறைந்த அறையில் அவளுக்கு இடது காது போயிற்று. முதலில் ஒரு வாரம் விசில் சத்தம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

விவாகரத்து கிடைத்தது. அடித்ததற்காகக் கொடுத்த புகார் மட்டும் நிற்கவில்லை. பார்த்தவர் யாரும் இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று அவன் சாதித்தான். அதற்கு மேலே கோர்ட்டில் ஒன்று சொன்னான் பாருங்கள், அதுதான் ரொட்டியக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

"ஐயா, நான் கராத்தேல கறுப்பு பெல்ட் வாங்கினவன், பசங்களுக்குச் சொல்லித் தர்றவன். கட்டுப்பாடுதான் எங்களுக்கு முதல் பாடம். நான் நெஜமாவே அடிச்சிருந்தா, இவங்க இப்படி நடந்து வந்து நிக்க முடியுமா?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். கேட்காத காது அவன் பக்கம் இருந்ததால் தங்கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னக்கா சொன்னான்? எதுக்கு எல்லாரும் சிரிக்கறாங்க?" என்று அக்காவின் கையைப் பிடித்து உலுக்கினாள். அக்கா, "ஒண்ணுமில்ல" என்றாள். அந்த ஒண்ணுமில்லைதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

வழி எதுவென்று யோசித்தபோது, வழியைக் காட்டியவனும் அவனேதான். கல்யாணமான புதிதில் விருந்துக்கு வந்தபோது பெருமையாகச் சொல்லியிருந்தான். கறுப்பு பெல்ட் தேர்வுக்கு வருகிறவர்கள் கடைசியில் ஐந்து கறுப்பு பெல்ட்காரர்களோடு ஒருவர் பின் ஒருவராக மூச்சு வாங்க நேரமில்லாமல் மோதியாக வேண்டுமாம். அந்த ஐந்து பேரில் நிற்க அவனே முன்வந்து பேர் கொடுப்பானாம், ஒரு தேர்வைக்கூட விட்டதில்லையாம். "ஏற்கெனவே தெம்பு போய் நிக்கறவன முறிச்சுப் போடறதுல இருக்கற சுகமே தனி அண்ணி" என்று சொல்லிச் சிரித்திருந்தான். அன்றைக்கு அது வெறும் பீற்றலாகப் பட்டது. இப்போது அதுவே கதவாகத் திறந்தது. அவன் சேர்ந்திருந்த அதே சங்கத்தின் கிளை ஒன்றை விசாரித்துக் கண்டுபிடித்து, அங்கே போய்ச் சேர்ந்தாள்.

ரொட்டியக்கா என்பது வகுப்பில் வைத்த பேர். பேக்கரியில் மாவு பிசைவதும் அடுப்பில் ஏற்றி இறக்குவதும் அவள் வேலை. விடிவதற்குள் முதல் சுற்று ரொட்டி இறங்கிவிட வேண்டும். மதியத்தோடு வேலை முடிந்துவிடும், சாயங்காலம் வகுப்பு. எத்தனை குளித்தாலும் முழங்கை மடிப்பில் மாவு வாசனை போகாது. வருஷக்கணக்கில் மாவை அடித்துத் துவைத்ததில் கைகள் உலக்கை மாதிரி இருந்தன. அந்தக் கையை நம்பித்தான் வந்தாள். வந்த முதல் வாரமே தெரிந்துபோயிற்று, கை மட்டும் போதாது.

முதலாவது, கால். நின்றே வேலை பார்த்த முழங்கால்கள் மடக்கினால் நொறுங்குகிற சத்தம் கேட்டது. இரண்டாவது, மானம். வெள்ளை பெல்ட் வரிசையில் அவளைத் தவிர எல்லாருமே பள்ளிக்கூடப் பிள்ளைகள். முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்து, "ஆன்ட்டி, அது வலது கால் இல்ல, இடது கால்" என்று எல்லார் காதிலும் விழும்படி திருத்துவாள். மாஸ்டரோ இவளைவிடப் பத்து வயது சின்னவள். ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வாய்க்கு வாய் அக்கா என்பாள், ஆனால் ஈவிரக்கம் கிடையாது. "இன்னும் பத்து எடுங்க அக்கா. கீழ வரைக்கும் போகணும் அக்கா. மூச்சு விட்டா செத்துர மாட்டீங்க அக்கா, விடாட்டாதான் சாவீங்க."

மூன்றாவதுதான் பெரிய இடி. யாராவது கையை ஓங்கினால் ரொட்டியக்காவுக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. எதிரே நிற்பது வெள்ளை பெல்ட் பிள்ளையாக இருந்தாலும் சரி, முஷ்டி கிளம்பியதும் இமை விழுந்துவிடும்.

"கண்ண மூடிட்டா அடி வராதுன்னு நெனப்பா?" என்றாள் மாஸ்டர்.

"வேணும்னு மூடல. தானா மூடுது."

"தானா தெறக்கற மாதிரி பண்ணணும். அதுக்கு ஒரே மருந்துதான் இருக்கு. அடி வாங்கணும்."

வாங்கினாள். வயிற்றில், விலாவில், தொடையில். காலையில் ரொட்டித் தட்டைத் தூக்கும்போது எங்கெங்கே அடிபட்டது என்று உடம்பே எடுத்துச் சொல்லும். மாவு பொங்கக் காத்திருக்கிற நேரத்தில் அடுப்பின் முன்னால் முழங்காலை மடக்கி நின்று பழகுவாள். முதலாளி பார்த்துவிட்டு, "மாவப் பிசையச் சொன்னா அதோட சண்டைக்கு நிக்கறியேம்மா. அது உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?" என்பார். அவள் சிரிக்க மாட்டாள். மாவில் அவளுக்கு ஒரு முகம் தெரியும். அதை அமுக்கி, புரட்டி, பலகையில் ஓங்கி அடிப்பாள். அந்தப் பேக்கரியின் ரொட்டி அவ்வளவு மிருதுவாக இருந்ததற்கு மருந்துக்காரனும் ஒரு காரணம்.

மஞ்சள் வந்தது, பச்சை வந்தது, நீலம் வந்தது. ஒருமுறை பாதித் தேர்வில் அசைவுகளின் வரிசை மறந்து, சந்தியில் நிற்கிற போக்குவரத்துக் காவலர் மாதிரி கையை நீட்டியபடியே நின்று தோற்றாள். மறுபடி தேர்வுக்கு நின்று மறுபடி வாங்கினாள். கண்ணும் மெல்ல மெல்லத் திறந்தே இருக்கப் பழகிற்று. பழுப்பு பெல்ட் இடுப்பில் ஏறியபோது, கறுப்புக்கும் தனக்கும் நடுவில் வேறு நிறம் இல்லை என்ற நினைப்பே அவளைப் பேய் மாதிரி பிடித்துக்கொண்டது. மோதல் பயிற்சியில் யார் எதிரே நின்றாலும் அவள் கண்ணுக்கு அவன்தான் தெரிந்தான்.

அப்படி ஒரு சாயங்காலம் எதிரே நின்றது ஒரு கல்லூரிப் பெண். சாது. பதற்றமாக இருந்தால் சிரித்துவிடுகிற பழக்கம் அவளுக்கு. கையைத் தூக்கி நின்றவள் அன்றும் இலேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டதும் கோர்ட்டில் கேட்ட சிரிப்பு ரொட்டியக்காவின் மண்டைக்குள் வெடித்தது. அடுத்த கணம் அந்தப் பெண் தரையில் கிடந்தாள். உதடு கிழிந்து, வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம்.

வயிற்றிலும் நெஞ்சிலும் எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் அடிக்கலாம், முகத்தில் மட்டும் அடிக்கக் கூடாது என்பது அந்தச் சங்கத்தின் முதல் விதி. அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்பித் தையல் போட்டு, அவள் அம்மாவிடம் ரொட்டியக்கா காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, எல்லாரும் போன பிறகு மாஸ்டர் கதவைச் சாத்தினாள்.

"யார அடிச்சீங்க அக்கா?"

"தெரியாம..."

"அவளத் தெரியாம அடிச்சீங்க. அது தெரியும். யார நெனச்சு அடிச்சீங்க?"

ரொட்டியக்கா சொன்னாள். காது, கோர்ட்டு, சிரிப்பு, ஐந்து பேர் வரிசை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மாஸ்டர் வகுப்பைவிட்டுப் போகச் சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தாள்.

"அந்த ஆள எனக்குத் தெரியும். தேர்வுகள்ல பாத்திருக்கேன். கை சுத்தமா இருக்கற அளவுக்கு மனசு சுத்தம் கெடையாதுன்னு அப்பவே நெனச்சிருக்கேன்" என்றாள் மாஸ்டர். "கோவப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கே கோவமாத்தான் வருது. ஆனா இப்படிக் கண்ணு தெரியாம வீசினா அந்த ஆள் ஒரு கையால ஒதுக்கிட்டுச் சிரிப்பான். அவன் சிரிக்கறதுக்கா இத்தனை வருஷம் அடி வாங்கினீங்க?"

"இல்ல."

"அப்ப ஒழுங்காக் கத்துக்குங்க. கொஞ்ச மாசத்துக்கு யார்கூடவும் மோதக் கூடாது. தேர்வு அன்னிக்கு அவன் முகத்துல உங்க கை பட்டுச்சுன்னா உங்க பேர அடிக்கற மொத ஆள் நான்தான். சொல்லிட்டேன்."

வீட்டுக்குப் போனால் அங்கே இரண்டாவது விசாரணை காத்திருந்தது. தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். வருகிறவர்களின் முகத்துக்குச் சட்டம் பொருத்திப் பார்த்துப் பார்த்து, முகத்தைக் கண்டதும் உள்ளதைப் படித்துவிடுவாள். அக்காவின் சட்டைக் கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். "யாரு ரத்தம்?" என்றாள். அங்கேயும் மறைக்க முடியவில்லை.

கேட்டு முடித்ததும் தங்கை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "அப்ப ஒடம்பு குறைக்கன்னு சொன்னதெல்லாம்?"

"பொய்தான்."

"என் காதுதானே போச்சு? உன்கிட்ட யாராவது போய் அடின்னு சொன்னாங்களா? நான் ராத்திரி நிம்மதியாத் தூங்கறேன். ஜோக் சொன்னா சிரிக்கறேன். அவன் மூஞ்சி எனக்கு மறந்தே போச்சு. நீ என்னடான்னா அவனத் தெனம் மாவுல வச்சுப் பெசஞ்சுக்கிட்டு இருக்க!"

"உனக்கு மறந்துருக்கலாம். அன்னிக்கு அவன் சொன்னத நீ கேக்கல. நான் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

அத்தனை வருஷம் விழுங்கி வைத்திருந்ததை அப்போதுதான் துப்பினாள். எதற்காக எல்லாரும் சிரித்தார்கள் என்று அப்போதுதான் தங்கைக்குத் தெரிந்தது. அவள் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஒரு மாதம் இருவருக்கும் நடுவில் சாப்பாடு, சாவி, மழை இவற்றைத் தவிர வேறு பேச்சே இல்லை.

சில மாதங்கள் கழித்து, தேர்வு ஒரு விடுமுறை நாள் காலையில், பள்ளி ஒன்றின் உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. சுற்றிலும் படிப்படியாக இருக்கைகள், பிள்ளைகள், பெற்றோர்கள், தண்ணீர்ப் பாட்டில்கள், கைபேசிகள். காலணி கழற்றும் இடத்திலேயே அவன் நின்றுகொண்டிருந்தான். கொஞ்சம் தடித்திருந்தான். தலைக்குச் சாயம் அடித்திருந்தான். சிரிப்பு மட்டும் மாறவில்லை.

"அட, அண்ணியா! நீங்களுமா? பரவாயில்லையே, இந்த வயசுல! வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

எதிரே பார்த்தால் என்ன சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தயார் செய்து வைத்திருந்தாள். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

காலை முழுக்க அசைவுகள், தற்காப்பு முறைகள், தண்டால். மதியம் நெருங்கும்போது கால்கள் தன்னுடையவைதானா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு ஆகிவிட்டது. அப்போதுதான் மோதலுக்கு அழைத்தார்கள். ஐந்து பேர் வரிசையாக வந்து நின்றார்கள். மூன்றாவதாக அவன். அதே நேரத்தில், இருக்கைகளின் முதல் வரிசையில் யாரோ வந்து உட்காருவது ரொட்டியக்காவின் கண்ணில் பட்டது. தங்கை. நல்ல காது அரங்கின் பக்கம் இருக்கும்படி தலையைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதல் ஆள் உயரமானவன், உதைத்துத் தள்ளினான். சமாளித்தாள். இரண்டாவது ஆள் ஒரு பெண், மின்னல் மாதிரி கை. நெஞ்சில் வாங்கினாள், இரண்டு திருப்பிக் கொடுத்தாள். நடுவர் கை தூக்கினார். மூன்றாவது ஆளுக்காகத் திரும்பி, மூச்சை இழுத்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமும் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

அவன் முன்னால் வரவில்லை. தலைமைத் தேர்வாளர் உட்கார்ந்திருந்த மேசைப் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்கினான்.

"மன்னிக்கணும் சார். நான் லேடீஸ்கூட மோதறதில்ல. அது என் கொள்கை. பெண்கள் மேல என் கை படாது."

பெற்றோர்கள் பக்கத்தில் ஒன்றிரண்டு பேர் மெச்சித் தலையாட்டினார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள். இதை மட்டும் ரொட்டியக்கா நினைத்தே பார்க்கவில்லை. தோற்கலாம், அடிபடலாம், எலும்பு முறியலாம் என்றெல்லாம் யோசித்திருந்தாள். நல்லவன் என்று பேர் வாங்கிக்கொண்டே அவன் நழுவிவிடுவான் என்று யோசிக்கவில்லை. கோர்ட்டில் செய்த அதே வித்தை.

"எப்பலேருந்து?"

கணீரென்று வந்தது குரல். அரங்கே திரும்பிற்று. தங்கை எழுந்து நின்றிருந்தாள்.

"என்னம்மா?" என்றார் தலைமைத் தேர்வாளர்.

"லேடீஸ் மேல கை படாதுங்கற கொள்கை எப்பலேருந்துன்னு கேக்கறேன் சார். நான் இவரோட பழைய பொண்டாட்டி. என்னோட இந்தக் காது இவர் அறைஞ்சுதான் போச்சு. அதுக்கு முன்னாடி வந்த கொள்கையா, அப்புறமா வந்த கொள்கையா?"

கைதட்டியவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவன் சிரிக்கப் பார்த்தான். "குடும்பத் தகராறு சார். கோர்ட்லயே முடிஞ்சு போன விஷயம். அவங்களுக்கு மனசு கொஞ்சம் சரியில்ல..."

தலைமைத் தேர்வாளர் சிரிக்கவில்லை. அதிகம் பேசாத மனிதர் அவர். "வரிசையில நிக்கறேன்னு பேர் குடுத்தது நீங்க. இதுவரைக்கும் எத்தனையோ பெண்களோட நீங்க மோதி நானே பாத்திருக்கேன். மோதுங்க. இல்லாட்டி வெளிய போங்க" என்றார்.

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. சிரிப்பு கழன்று விழுந்தது. அந்த முகத்தை ரொட்டியக்கா பார்ப்பது அதுவே முதல் தடவை. தங்கை வீட்டுக்குள் பார்த்த முகம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆரம்பி!"

வந்த வேகத்தில் அவள் தொடையில் ஓங்கி உதைத்தான். வலிக்கிற கால் எது என்று நொடியில் கண்டுபிடித்துவிட்டான், மறுபடியும் அதிலேயே உதைத்தான். அவள் நொண்டிப் பின்வாங்கினாள். நெஞ்சில் குத்தினான், மூச்சு நின்று வந்தது. திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. ஆனால் கோபத்தில் இருந்தான். கோபத்தோடு வீசினால் எப்படி இருக்கும் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தோள் முன்கூட்டியே திரும்பும். விலா திறந்துகொள்ளும். அவன் முஷ்டி கிளம்பியது. அவள் கண் மூடவில்லை. தோள் திரும்பியதைப் பார்த்தாள், ஒரு அடி உள்ளே போனாள், வருஷக்கணக்காக மாவை அடித்த கையால் விலாவுக்குக் கீழே ஒரே ஒரு குத்து விட்டாள்.

'ஹக்' என்று ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. அப்படியே மடங்கி ஒரு முழங்காலில் உட்கார்ந்தான். வாய் திறந்திருந்தது, காற்று உள்ளே போகவில்லை.

"நிறுத்து!" என்றார் நடுவர்.

அவள் பின்வாங்கினாள். கைகளை இறக்கினாள். விதிப்படி குனிந்து வணங்கினாள். அந்தக் குனிவுக்குள் அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதில் கருணை, பெருந்தன்மை என்று எதுவும் கலக்கவில்லை. சுத்தமான சந்தோஷம். அவன் மூச்சுக்குத் தவிப்பதைக் காது குளிரக் கேட்டாள்.

நிமிர்ந்தபோது அவன் எழுந்திருந்தான். நடுவர் குறுக்கே வருவதற்குள் இரண்டு எட்டில் வந்து, விரித்த கையால் பளாரென்று அவள் கன்னத்தில் அறைந்தான். கராத்தே இல்லை, ஒன்றும் இல்லை. வீட்டில் அறைகிற அறை.

அவள் தலை ஒரு பக்கம் போய்த் திரும்பியது. காதுக்குள் மணி அடித்தது. எதிரே, கை எட்டும் தூரத்தில், காவலே இல்லாமல் அவன் முகம். மூக்கு, பல், எல்லாம் திறந்த கடை மாதிரி இருந்தது. அவள் கை தோள்வரை உயர்ந்தும்விட்டது.

அங்கே நின்றது கை. அவளுக்கு மனசு இளகவில்லை. மாஸ்டர் கொடுத்த எச்சரிக்கையைக்கூட நினைக்கவில்லை. வேறொன்று மூளையில் பளிச்சிட்டது. இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள். கைபேசிகள் தூக்கியபடி இருக்கின்றன. இப்போது நான் அடித்தால், இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள் என்றாகும். அடிக்காமல் நின்றால், இவன் அடித்தான் என்று ஆகும். அவன் பல்லைவிட அது பெரிது.

கையைக் கீழே இறக்கினாள். எல்லாரும் பார்க்கும்படி மெதுவாகவே இறக்கினாள்.

அதற்குள் மாஸ்டரும் மற்ற நாலு கறுப்பு பெல்ட்காரர்களும் அவனைச் சூழ்ந்து பின்னால் இழுத்துவிட்டார்கள். "ஏம்மா, அடிபட்டுடுச்சா?" என்று யாரோ கேட்டார்கள். "விடுங்கடா! அவதான் என்னை..." என்று அவன் கத்தினான். தலைமைத் தேர்வாளர் எழுந்து நின்று, "பெல்ட்டக் கழட்டு" என்றார். அவன் கழற்றப் பார்த்தான். முடிச்சு அவிழவில்லை. இழுத்தான், இன்னும் இறுகிற்று. அரங்கம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, கறுப்பு பெல்ட்டின் முடிச்சோடு மல்லுக்கு நின்றான் அவன். ரொட்டியக்கா இமை கொட்டாமல் பார்த்தாள். ஒரு கணத்தையும் வீணாக்கவில்லை.

அவன் வெளியே போன பிறகு தலைமைத் தேர்வாளர் அவளிடம் வந்தார். "இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. முடியுமா, வேற நாள் வர்றீங்களா?"

"வர்றது எல்லாம் இன்னிக்கே வரட்டும்" என்றாள். நாலாவது ஆளிடம் நன்றாக உதை வாங்கினாள். ஐந்தாவது ஆளிடம் இரண்டு முறை விழுந்தாள், இரண்டு முறையும் எழுந்தாள். கடைசியில் பேர் வாசித்தபோது அவள் பேரும் இருந்தது. ஒலித்துக்கொண்டிருந்த காதில் அது சரியாக விழவில்லை. மாஸ்டர் வந்து கட்டிப்பிடித்தபோதுதான் தெரிந்தது.

பெல்ட்டை வாங்கிய கையோடு அக்காவும் தங்கையும் நேரே காவல் நிலையத்துக்குப் போனார்கள். இந்தத் தடவை சாட்சிக்குப் பஞ்சமில்லை. தலைமைத் தேர்வாளர் வந்தார், மாஸ்டர் வந்தாள், கைதட்டிய மனிதர்கூடத் தன் கைபேசியில் எடுத்த படத்தோடு வந்தார். காதுக்குள் வீக்கம் என்று டாக்டர் எழுதினார். பழைய புகாரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி வக்கீல் மனு போட்டார். சங்கம் அவனை நீக்கியது. படம் ஊரெல்லாம் சுற்றி, அவன் சிரித்துக்கொண்டு காத்திருக்கிற டாக்டர்கள் வாசல்வரை போயிற்று. கம்பெனி அவனை வீட்டில் இருக்கச் சொன்னது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் முற்பகல் அவனுடைய அண்ணன் பேக்கரிக்கு வந்தார். கண்ணியமான ஆள்தான். கண்ணாடி அலமாரிக்கு முன்னால் தயங்கித் தயங்கி நின்றார். ரொட்டியக்கா முழங்கைவரை மாவோடு வெளியே வந்தாள்.

"நீங்க பெரிய மனசு பண்ணணும். அவன் வெளிய தல காட்ட முடியல. அம்மா சாப்பிடறதில்ல. ஏதோ ஆத்திரத்துல ஒரு அறை. ஒரே ஒரு அறைக்கு இவ்வளவு தண்டனையா?"

"ஒரு அறைதானே?" என்றாள் அவள். மாவுக் கையை இலேசாகத் தூக்கினாள். "வாங்கிப் பாக்கறீங்களா?"

அவர் தன்னை அறியாமல் ஓர் அடி பின்னால் போனார். கல்லாவில் இருந்த முதலாளி தும்மல் வந்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல" என்றாள் ரொட்டியக்கா. "ஆனா வாபஸ் வாங்க மாட்டேன். நீங்க எத்தன தடவ வந்தாலும் இதேதான். உங்க தம்பிகிட்டச் சொல்லுங்க, நான் சந்தோஷமா இருக்கேன்னு."

அவர் போன பிறகு, மனசுக்குள் எங்காவது கொஞ்சம் இரக்கம் கிடக்கிறதா என்று நேர்மையாகத் தேடிப் பார்த்தாள். அவர் மேல் கொஞ்சம் இருந்தது. அந்த அம்மாள் மேல் கொஞ்சம் இருந்தது. அவன் மேல் இல்லவே இல்லை. சரி என்று அடுப்பைப் பார்க்கப் போனாள்.

தீர்ப்பு வந்த அன்று இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். அவன் குற்றவாளி என்று ஆயிற்று. சில மாதச் சிறை, அதற்குப் பிறகும் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தடை. அவன் அப்பீல் போகலாம், குறைக்கலாம். அதெல்லாம் வக்கீல்கள் பாடு. தீர்ப்பை வாசித்தபோது கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றபோது தங்கை கேட்டாள், "இப்ப எப்படி இருக்கு உனக்கு?"

"நல்லா இருக்கு."

"கொஞ்சம்கூடப் பாவமா இல்லையா?"

"இல்ல. உனக்கு?"

தங்கை யோசித்தாள். "காலைல கெளம்பும்போது இருந்துச்சு. அவன் மூஞ்சியப் பாத்ததும் போயிடுச்சு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற ஆள், கோர்ட் வாசலில் இப்படிச் சிரிக்கிறார்களே என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ் வந்தது. சாயங்காலம் வகுப்பு இருந்தது, நேரமாகிவிட்டால் மாஸ்டர் தண்டால் எடுக்க வைத்துவிடுவாள். கோர்ட்டில் காத்திருந்த நேரம் முழுக்க எதிர் இருக்கையில் இருந்த மருந்துக்காரனின் விலாவையே பார்த்துக்கொண்டிருந்ததைத் தங்கையிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தபடி ரொட்டியக்கா படியேறினாள்.